போக்கரில் எந்த ஆட்டத்தில் காசு நிற்கும்? கொங்குப் பக்கத்து ஆட்டக்காரர்களுக்கு ஒரு கணக்கு

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் போக்கர் பழகியவர்கள் கூடுகிற இடத்தில் தவறாமல் வரும் கேள்வி இது: "ஏனுங்க, கேஷ் கேம் ஆடறதா, டோர்னமென்ட் ஆடறதா, எதுல காசு நிக்குமுங்க?" கேஷ் கேமில் நேரடிக் காசு வைத்து ஆடி, நினைத்தபோது எழுந்துவிடலாம்; டோர்னமென்ட்டில் நுழைவுத் தொகை கட்டி ஆட வேண்டும், கடைசி வரை நிற்கிறவர்களுக்குத்தான் பரிசு. பெரும்பாலும் பதிலாக வருவது பரிசுத் தொகை. அவர் இவ்வளவு லட்சம் அடித்தார், இவர் முதல் பரிசு வாங்கினார் என்பார்கள். கேள்வியில் உள்ள 'நிற்கும்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் வகை மாறினால் வெளியே போகிற பணமும் மாறும். ரேக் (ஆட்டம் நடத்துகிறவர் எடுக்கும் பங்கு), ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கை (சீட்டுப் போட்டு ஆடும் சுற்று), போக்குவரத்து, வரி ஆகிய நான்கையும் எழுதி வைத்த பிறகுதான் எந்த ஆட்டம் என்று பேச முடியும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சரக்கு என்ன விலைக்குப் போனாலும் கமிஷன் போவது போல, நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் இவை போய்க்கொண்டே இருக்கும்.

முதலில் சட்டம். 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பாகுபாடே அதில் கிடையாது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடையிலிருந்து அவற்றை விலக்கியிருந்தது. அதை நம்பி ஆன்லைனில் ஆடியவர்களுக்கு அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்கு அதில் தண்டனை இல்லை. ஆனாலும் பணத்தை அனுப்பவும் வாங்கவும் வங்கிக்கு அனுமதி இல்லை. ஆகவே ஒரே நேரத்தில் நாலு மேஜை திறந்து ஆடுவது, மூன்று பேர் ஆடும் அதிவேக சிட் அண்ட் கோ (ஆள் சேர்ந்ததும் தொடங்கும் சிறு டோர்னமென்ட்), இருவர் மட்டும் மோதும் ஹெட்ஸ்-அப் என்று ஆன்லைனில் லாபம் சொல்லப்பட்ட வகைகளை நம் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

"ஆப் இருக்குதுங்க, ஏஜென்ட் மூலமா சிப் வாங்கிக்கலாம்" என்று ஒருவர் வருவார். (சிப் என்பது காசுக்குப் பதில் வைத்து ஆடும் வில்லை.) வேண்டாம். நீங்கள் ஜெயித்த பணம் ஏஜென்டின் கணக்கிலிருந்து வருவதில்லை. யார் யாரோ பெயரில் உள்ள கணக்குகளிலிருந்து யூபிஐ-யில் வரும். அதில் ஒரு கணக்கின் மேல் எந்த மாநிலத்திலாவது சைபர் மோசடிப் புகார் இருந்தால், பணம் வந்து சேர்ந்த உங்கள் கணக்கையும் வங்கி முடக்கக்கூடும். பனியன் கம்பெனியின் கரன்ட் அக்கவுன்ட்டில் அப்படி ஆனால் சனிக்கிழமை சம்பளம் போட முடியாது. முடக்கத்தை எடுக்க வேறு மாநிலக் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய் வெற்றிக்காக அந்த ஆபத்தை எடுக்கக் கூடாது.

அடுத்தது உள்ளூர் ஆட்டம்: தோட்டத்து வீடு, மனமகிழ் மன்றம். வீட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டிலும் (பாட் என்பது ஒரு கையில் சேரும் மொத்தப் பந்தயம்) பங்கு எடுக்கிறார் என்றால் 1930-ம் ஆண்டு தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தின்படி அந்த இடம் சூதாட்ட விடுதிக் கணக்கில் வந்துவிடக்கூடும். நடத்துகிறவர் மேல் மட்டுமல்ல, அங்கே இருந்து ஆடியவர்கள் மேலும் வழக்கு வரும். பணக் கணக்காகப் பார்த்தாலும் இந்த ஆட்டம் தேறாது. பங்குக்கு உச்ச வரம்பு இருக்காது. பத்து சதவீதம் எடுத்தால், நாற்பதாயிரம் ரூபாய் பாட்டில் நாலாயிரம் போய்விடும். அதற்கு மேல் கடன் சிப். இரவு ஒரு மணிக்கு எதிரே இருப்பவர் "எழுதிக்கோங்க" என்று சொல்லி எடுத்த ஐம்பதாயிரத்தை நீங்கள் ஜெயித்தால் அது ஜெயித்த பணமாகாது. நம் ஊரில் எதிரே இருப்பவர் பெரும்பாலும் சாயப்பட்டறைக்காரர், நூல் வியாபாரி, ஜாப் ஒர்க் எடுப்பவர் என்று தொழிலில் தொடர்புள்ளவர். சீட்டுக் கடன் அடுத்த மாத பில்லில் கழிவாக வந்து நிற்கும், இல்லையென்றால் ஆர்டரே நின்றுபோகும். ஆகவே கடன் கொடுக்கும் மேஜை எந்த வகை ஆட்டமானாலும் சம்பாதிக்க ஏற்ற மேஜை அல்ல.

மிச்சம் இருப்பது கோவா. அங்கே 1976-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற கேசினோக்கள் உண்டு. பஞ்சிமில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் போக்கர் மேஜைகள் உண்டு. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கேசினோவுக்கான ஜிஎஸ்டி 40 சதவீதம். அதை நுழைவுக் கட்டணத்தில் எடுக்கிறார்களா, சிப் வாங்கும்போதே பிடிக்கிறார்களா என்று போக்கர் அறையில் நேரடியாகக் கேட்டு, எழுதி வைத்துக்கொண்ட பிறகே உட்காருங்கள்.

கேஷ் கேமில் ரேக் எப்படிப் போகிறது என்று ஒரு மணி நேரம் டீலரின் கையை மட்டும் பாருங்கள். ஃப்ளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) விழுந்ததும் பாட்டை எண்ணி, அதிலிருந்து இரண்டு மூன்று சிப்பைத் தனியே ஒதுக்குவார். கை முடிந்ததும் அவை மேஜையில் உள்ள துளைக்குள் போய்விடும். ஜெயித்தவர் பாட்டை இழுக்கும் சந்தோஷத்தில் அதைப் பார்ப்பதே இல்லை. உதாரணத்துக்கு 100-200 ப்ளைண்ட் மேஜை (சீட்டுப் பார்க்கும் முன் இருவர் கட்டும் தொகை; பெரியதான 200 தான் பிக் ப்ளைண்ட்), ஒன்பது பேர், மணிக்கு 25 கை. அதில் 20 கை ஃப்ளாப் வரை போகிறது, சராசரி பாட் 5,000 ரூபாய், ரேக் 5 சதவீதம் என்று வையுங்கள். ஒரு கைக்கு 250, மணிக்கு 5,000 ரூபாய் துளைக்குள் போகிறது. ஒரு இருக்கைக்கு மணிக்கு 555 ரூபாய், அதாவது இரண்டே முக்கால் பிக் ப்ளைண்டுக்குக் கொஞ்சம் மேல். மேஜையில் யாருமே திறமையில் உசத்தி இல்லை என்றால் ஒன்பது பேரும் அந்த வேகத்தில் தோற்றுக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பாட்டிலிருந்து ரேக் எடுக்கும் மேஜையில், குறைவான கைகளில் இறங்குபவர் குறைவாகத்தான் கட்டுகிறார், ஏனென்றால் ஜெயித்த பாட்டிலிருந்துதான் பணம் போகிறது. அரை மணிக்கு இவ்வளவு என்று நேரக் கட்டணம் வாங்கும் மேஜையில் சும்மா உட்கார்ந்திருப்பவரும் சமமாகக் கட்ட வேண்டும். பொறுமையாக, பொறுக்கி ஆடுபவருக்கு முதல் வகை நல்லது; நிறையக் கைகளில் புகுந்து நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு இரண்டாவது. உச்ச வரம்பு எவ்வளவு என்று தெரியாமல் எந்த மேஜையிலும் உட்காராதீர்கள். வரம்பு இருந்தால் பெரிய பாட்டுகளில் சதவீதம் கரைந்துவிடும்.

இப்போது சிட் அண்ட் கோ. ஒன்பது பேர், நுழைவு 1,000, கட்டணம் 100. பரிசுத் தொகை 9,000. முதல் மூவருக்கு 4,500, 2,700, 1,800 என்று பிரியும். எல்லோரும் சமம் என்றால் ஒவ்வொருவருக்கும் ஆட்டத்துக்கு 100 ரூபாய் நட்டம். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் 100-க்கு 14 முறை முதலிடம், 13 முறை இரண்டாமிடம், 12 முறை மூன்றாமிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எளிதில் எட்டுகிற அளவு இல்லை. அவருக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 1,197 ரூபாய் வரும். செலவு 1,100 போக மிச்சம் 97 ரூபாய். ஓர் ஆட்டம் முடிய ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நூறு ஆட்டத்தில் எதிர்பார்க்கும் லாபம் 9,700; ஏற்ற இறக்கமோ (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 16,500 ரூபாய்க்கு மேல். அதாவது இவ்வளவு நன்றாக ஆடுபவரே நூறு ஆட்டம் முடிவில் நட்டத்தில் நிற்க நூற்றுக்கு 28 வாய்ப்பு உண்டு. பழகுவதற்கு நல்ல வகை, ஏனென்றால் நட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. சம்பாத்தியம் என்று பேச இதில் ஒன்றும் இல்லை.

டோர்னமென்ட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். ஒரு முதல் பரிசு வந்தால் வாழ்க்கை மாறும் என்ற எண்ணமே இழுக்கிறது. 20,000 சிப், ஆரம்ப ப்ளைண்ட் 100-200 என்று போட்டிருப்பார்கள்; 100 பிக் ப்ளைண்ட், ஆழமான ஆட்டம் போலத் தெரியும். லெவல் (அடுத்து ப்ளைண்ட் ஏறும் வரை உள்ள நேரம்) எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 20 நிமிடம் என்றால், மணிக்கு 30 கை வேகத்தில் ஒரு லெவலுக்குப் பத்தே கை. எட்டு லெவல் கழித்து ப்ளைண்ட் 800-1,600 ஆகியிருந்தால், நீங்கள் ஜெயிக்காமலும் தோற்காமலும் அதே 20,000-த்தோடு இருந்தாலும் கையில் இருப்பது பன்னிரண்டரை பிக் ப்ளைண்ட். எண்பது கைக்குள், எல்லாவற்றையும் தள்ளுவதா ஃபோல்டா (கையைக் கீழே வைப்பதா) என்ற இரண்டே முடிவு உள்ள ஆட்டமாகிவிடும். அந்தக் கட்டத்தில் திறமைக்கு உள்ள இடம் சுருங்கிப்போகும். 40 நிமிட லெவல் இருக்கும் டோர்னமென்ட்டில் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் அதுவே மேல்.

அதைவிடப் பெரிய அடி வரி. சீட்டாட்டப் பரிசுக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், சேர்த்து 31.2. உங்கள் மற்ற வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதே விகிதம்தான். செலவைக் கழிக்க முடியாது, தோற்ற நுழைவுக் கட்டணங்களைப் பரிசுக்கு எதிராக வைக்க முடியாது, நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. 10,000 ரூபாய்க்கு மேல் பரிசு என்றால் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். நுழைவு 10,000, கட்டணம் 1,500. நீங்கள் வெகு நன்றாக ஆடி, போட்டதற்கு 25 சதவீதம் கூடுதலாக எடுக்கிறவர். ஓர் ஆட்டத்துக்குச் சராசரிப் பரிசு 14,375 வரும். அதில் 31.2 சதவீதம் போனால் கையில் 9,890. போட்டது 11,500. ஜெயிக்கிற ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் 1,610 ரூபாய் இழக்கிறார். வரி கட்டியும் கைக்காசு போகாமல் இருக்கவே போட்டதற்கு மேல் 45 சதவீதம் எடுத்தாக வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் "டோர்னமென்ட் நல்ல வருமானம்" என்ற அறிவுரை இந்த வரிக் கணக்கில் எழுதப்பட்டது அல்ல. ஆசைக்கு ஆண்டில் ஒன்றிரண்டு ஆடலாம். தொழிலாக நினைக்க இந்தியாவில் இது மிக மோசமான வகை.

ஓமஹா என்கிற போக்கர் வகைக்கு (சுருக்கமாகப் பிஎல்ஓ) வருவோம். நாலு சீட்டு, ஐந்து சீட்டு மேஜைகள் நம் நாட்டில் ரொம்பப் பிரபலம். கையில் எத்தனை சீட்டு இருந்தாலும் சரியாக இரண்டைத்தான் எடுக்க வேண்டும். புதிதாக வந்தவர் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) என்று நினைத்துக் காட்டுகிற கை பல நேரம் ஃப்ளஷ்ஷே ஆகாது. எதிராளிகள் பலவீனமாக இருப்பதால் ஜெயிக்கும் வேகம் கூடுதல். ஆனால் கைகளுக்கு இடையே இடைவெளி குறைவு. ஹோல்டெமில் (ஆளுக்கு இரண்டு சீட்டு தரும் வழக்கமான போக்கர்) இரண்டு ஏஸ், இரண்டு கிங்கை நூற்றுக்கு 81, 82 முறை அடிக்கும். நாலு சீட்டு ஓமஹாவில் ஏஸ் ஜோடியுள்ள கை, நன்றாகக் கோத்து வந்த எதிர்க் கையிடம் 55 முதல் 60 வரைதான். ஹோல்டெமில் நூறு கைக்கு ஏற்ற இறக்கம் 80 முதல் 100 பிக் ப்ளைண்ட் என்றால், இங்கே 140-ஐ ஒட்டி இருக்கும். ஹோல்டெமுக்கு 30 பை-இன் (மேஜையில் ஒரு முறை உட்கார வாங்கும் சிப் தொகை) ஒதுக்கினால் இதற்கு 50 வேண்டும். 36 சீட்டில் ஆடும் ஷார்ட் டெக் எப்போதாவது கண்ணில் படும். அங்கே வழக்கத்துக்கு மாறாக ஃப்ளஷ் கை, ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்றும் ஒரு ஜோடியும்) கையை அடிக்கும் என்பது தெரியாமல் உட்காராமல் இருந்தால் போதும்.

ஆக, மிஞ்சுவது நேரடி ஹோல்டெம் கேஷ் கேம். அதிலும் வகையைவிட மேஜைதான் பேசும். உட்காரும் முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது) இல்லாமல் நாலைந்து பேர் வெறும் ப்ளைண்டைக் கட்டி உள்ளே வருகிறார்களா, ஒரு கைக்கு எத்தனை பேர் ஃப்ளாப் பார்க்கிறார்கள், பெரிய ஸ்டாக் (சிப் குவியல்) யாரிடம் இருக்கிறது? அடிக்கடி இறங்கும் பெரிய ஸ்டாக்காரருக்கு இடது பக்க இருக்கை கிடைத்தால் அவர் செய்த பிறகு நீங்கள் முடிவெடுக்கலாம். அந்த இருக்கை காலியானதும் உங்களுக்கு மாற்றித் தரச் சொல்லி முன்பே எழுதி வையுங்கள். ஸ்ட்ராடில் (சீட்டுப் பார்க்கும் முன்பே பிக் ப்ளைண்டைப் போல இரு மடங்கு கட்டுவது) ஓடுகிற மேஜையில் கவனம். 20,000 ரூபாயோடு 100-200 மேஜையில் உட்கார்ந்தால் உங்களிடம் 100 பிக் ப்ளைண்ட். எல்லோரும் 400 ஸ்ட்ராடில் போட ஆரம்பித்தால் அது ஐம்பதாகிவிடும். ஆழம் வேண்டுமென்றால் கூடுதலாக வாங்க வேண்டும், அதற்கு ஒதுக்கிய பணம் இல்லையென்றால் எழுந்துவிட வேண்டும். மூணு சீட்டில் பழகியவர்கள் கண்மூடி ஆடும் பழக்கத்தில் ஸ்ட்ராடிலை விரும்புவார்கள். ரம்மியில் பழகியவர்கள் வேறு மாதிரி. முதல் டிராப் 20, நடு டிராப் 40, முழுக் கை 80 என்று மனதில் ஊறியிருப்பதால் கெட்ட கையை உடனே கீழே வைக்கத் தெரியும். அந்தப் பழக்கம் போக்கரில் பாதி வேலையை முடித்துவிடுகிறது. அவர்களுக்கு வராதது, நல்ல கை கிடைத்தபின் பந்தயத்தை ஏற்றுவது.

முதலுக்கு வருவோம். 20,000 ரூபாய் பை-இன், முப்பது மடங்கு என்றால் 6 லட்சம். இது தொழிலின் ரொட்டேஷன் பணத்திலிருந்து எடுத்ததாக இருக்கவே கூடாது. நூல் பில்லுக்கு வைத்த பணத்தோடு உட்கார்ந்தவர் சரியான நேரத்தில் பந்தயம் கட்ட மாட்டார். பயம் கையைப் பிடிக்கும். இனி அந்த 6 லட்சம் என்ன தருகிறது என்று பார்ப்போம். ஒரு கோவாப் பயணத்துக்குப் போக்குவரத்து, அறை, சாப்பாடு, கேசினோ நுழைவு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். 24 மணி நேர ஆட்டம் என்று வையுங்கள். மணிக்கு 750 ரூபாய், அதாவது மூன்றே முக்கால் பிக் ப்ளைண்ட், ரேக்குக்கு மேல் போகிறது. ரேக் போக மணிக்கு 6 பிக் ப்ளைண்ட் ஜெயிக்கும் நல்ல ஆட்டக்காரருக்குப் பயணத்தில் 28,800 வரும், செலவு போக 10,800. ஏற்ற இறக்கம் சுமார் 44,000 ரூபாய் என்பதால் இவரும் பத்துப் பயணத்தில் நாலு முறை நட்டத்தோடுதான் ஊர் திரும்புவார்.

ஆண்டுக்கு ஆறு பயணம் என்றால் ஆட்ட வெற்றி 1,72,800, செலவு 1,08,000, நிகர வெற்றிக்கு மட்டும் வரி என்று நமக்குச் சாதகமாகவே வைத்தாலும் சுமார் 53,900. மிச்சம் 10,900 ரூபாய்க்கு அருகில். தோற்ற நாட்களைக் கழிக்க விடாமல் வரி போட்டால் அதுவும் இராது. இதை உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அதே 6 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் 42,000. மேஜை பொறுக்குவதில் கண்டிப்பாக இருந்து மணிக்கு 10 பிக் ப்ளைண்ட் எடுத்தால் கணக்கு மாறும்: வெற்றி 2,88,000, செலவும் வரியும் போக சுமார் 90,000. அந்த நாலு பிக் ப்ளைண்ட் வித்தியாசம் புதிய தந்திரத்தில் வருவது குறைவு. கெட்ட மேஜையில் உட்கார மறுப்பதில்தான் பெரும்பாலும் வருகிறது. பயணச் செலவை எடுக்க வேண்டும் என்று 200-400 மேஜைக்கு ஏறுவது அடிக்கடி நடக்கும் தப்பு. அங்கே எதிராளிகள் வேறு, உங்கள் 30 பை-இன் பதினைந்தாகிவிடும்.

ஒரு நோட்டு வையுங்கள். தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், ப்ளைண்ட், ஸ்ட்ராடில் இருந்ததா, உள்ளே போட்டது, வெளியே எடுத்தது, டீலருக்குக் கொடுத்த டிப்ஸ், பயணச் செலவு ஆகியவற்றை எழுந்த உடனே எழுத வேண்டும், மறுநாள் காலையில் எழுதினால் தொகை மறந்திருக்கும். டிப்ஸை விட்டுவிடாதீர்கள், மணிக்கு 100 ரூபாய் என்றாலும் அரை பிக் ப்ளைண்ட். 200 மணி நேரம் சேர்ந்த பிறகு மணிக்கு எத்தனை பிக் ப்ளைண்ட் என்று வகுத்துப் பாருங்கள். அப்போதும் அந்த எண்ணில் மேலும் கீழுமாக மூன்று பிக் ப்ளைண்டோ அதற்கு மேலோ அதிர்ஷ்டத்தின் வேலை இருக்கலாம். ஆறு என்று வந்தால் உண்மை மூன்றாகவும் இருக்கும், ஒன்பதாகவும் இருக்கும். நாலுக்குக் கீழே வந்தால் பயணச் செலவையே அது தாங்காது. அடுத்த டிக்கெட்டைப் போடாமல், அதே நோட்டில் ஸ்ட்ராடில் மேஜைகளைத் தனியாகப் பிரித்து, பணம் எங்கே போனது என்று முதலில் பாருங்கள்.